மகிழ மரத்தடிச் சத்தியம்

மனத்துக்குப் பிடித்த ஒரு காரியத்துக்காக மனிதன் ஊரையும் உறவையும் விட்டுப் போகலாமா? போகலாம் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். கதை எழுதுகிறவன் வேறு எப்படி நினைப்பான்? வீட்டை விட்டுப் போகிறவர்கள் இல்லாவிட்டால் உலகத்தில் பாதிக் கதைகள் இல்லை. ஆனால் ராயபுரத்தில், எங்கள் தெருவிலேயே ஒருவர் அப்படிப் போன பிறகு, விஷயம் அத்தனை சுலபமாகத் தோன்றவில்லை.

அவர் துறைமுகத்தை ஒட்டிய சரக்கு ஆபீஸ் ஒன்றில் உத்தியோகம் பார்த்தவர். பெயர் வேண்டாம். வயது நாற்பத்திரண்டு, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வீட்டில் வயதான தாயார் மட்டும். ஒரு நாள் பழைய புத்தகக் கடையில் 'தி ராட் இன் இந்தியா' என்ற புத்தகம் அவர் கையில் அகப்பட்டது. சென்னை மாகாணத்தில் பெரிய உத்தியோகத்திலிருந்த எச். எஸ். தாமஸ் என்ற வெள்ளைக்காரர் தூண்டில் போடுவதைப் பற்றி எழுதி, 1873-ல் மங்களூரில் முதன்முதலாக வெளியான புத்தகம் அது. சிலரைச் சீட்டாட்டம் பிடித்துக்கொள்கிறது, சிலரைச் சங்கீதம் பிடித்துக்கொள்கிறது. இவரைத் தூண்டில் பிடித்துக்கொண்டது.

அதுவும் சாதாரணத் தூண்டில் அல்ல, பூச்சித் தூண்டில். மண்புழுவோ இறாலோ அதில் கிடையாது. கொக்கியில் இறகையும் நூலையும் சுற்றி, தண்ணீர்ப் பூச்சிதான் என்று மீன் ஏமாறும்படி செய்ய வேண்டும். அந்தப் பொய்ப் பூச்சிக்குக் கனமில்லை. ஆகையால் கயிற்றுக்கே கனம் வைத்து, அதைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசி, பூச்சியை நீரின் மேல் ஓசைப்படாமல் இறக்க வேண்டும். மீன் அகப்பட்டதும், கையை நனைத்துக்கொண்டு அதைப் பிடித்து, கொக்கியைக் கழற்றி, மறுபடி ஆற்றிலேயே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. நம் நண்பர் அந்தக் கட்சி.

காசிமேட்டில் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் இதைச் சொன்னேன். "இன்னா சார் இது? உடறதுக்கு எதுக்கு சார் புடிக்கணும்?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்தார். எனக்குப் பதில் தெரியவில்லை.

நண்பர் நாடிப் போனது டிரவுட் என்ற மீனை. குளிர்ந்து தெளிந்து ஓடுகிற தண்ணீர் இல்லாவிட்டால் அது பிழைக்காது. நம் தேசத்து மீனும் அல்ல. கடல் கடந்து காஷ்மீருக்கு வந்து, 1909-ல் குலுப் பக்கத்து ஆறுகளில் குடியேறிய ஜாதி. நம் நீலகிரியிலும் எச். சி. வில்ஸன் என்பவரின் பிரயாசையால் 1907 முதல் அவலாஞ்சியில் குஞ்சு பொரித்து வளர்க்கிறார்கள். நண்பரோ குலுவுக்குத் தெற்கே தீர்த்தன் ஆற்றங்கரையில், விடுதி ஒன்றில் கணக்கு எழுதும் வேலை தேடிக்கொண்டார். ரயிலும் பஸ்ஸுமாக இங்கிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல்.

புறப்படுகிற அன்று நான் அங்கே இருந்தேன். தாயார் கேட்டார்: "மீனுதானேப்பா? ஊட்டியிலேயும் இருக்குன்னு நீயே சொன்னியே. அங்கே போகக் கூடாதா?"

"அந்த ஆறு வேறேம்மா. மூணு மாசத்துக்கு ஒரு தடவை கட்டாயம் வந்துடறேன். சத்தியமா."

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, "தம்பி, நீங்களும் கேட்டுக்கிட்டீங்க இல்லே?" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

வாசலில் ஆட்டோவில் ஏறும்போது நண்பர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ஊட்டின்னா ராத்திரி பஸ் ஏறி வாடான்னுடுவாங்க. தூரமா இருந்தாத்தான் சார் நிம்மதி." இதற்கும் நான் தலையைத்தான் ஆட்டினேன். ஒரே தலை, பத்து நிமிஷத்துக்குள் இரண்டு தரப்புக்கும் சாட்சி சொல்லிவிட்டது.

அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு தடவை வந்தார். நவம்பர் முதல் பிப்ரவரி முடிய டிரவுட் மீனுக்கு இனப்பெருக்கக் காலம்; தூண்டில் போட அங்கே தடை. அந்த நாலு மாசமும்கூட அவர் வரவில்லை.

இந்த மாதிரி வழக்குக்குத் தீர்ப்புத் தேட வெகுதூரம் போக வேண்டாம். பக்கத்தில் திருவொற்றியூர் இருக்கிறது. சங்கிலியாரை மணக்க விரும்பிய சுந்தரர், 'உன்னைப் பிரியேன்' என்று சத்தியம் செய்ய வேண்டி வந்தது. 'சந்நிதியில் நான் சத்தியம் செய்யும் சமயத்தில் தேவரீர் மகிழ மரத்தடிக்குப் போய்விட வேண்டும்' என்று அவர் இறைவனிடமே வேண்டிக்கொண்டார். இறைவனோ சங்கிலியார் பக்கத்துக்கு உளவு சொல்லி, மகிழடியிலேயே சத்தியம் வாங்க வைத்துவிட்டார். பிறகு வசந்தம் வந்தது. திருவாரூர் ஞாபகம் வந்தது. ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின. சேக்கிழார் சொல்லும் கதை இது.

சுந்தரர் செய்த குற்றம் என்ன? திருவாரூர்மேல் ஆசைப்பட்டதா? இல்லை என்பது என் அபிப்பிராயம். அந்த ஆசை உயர்ந்த ஆசை. சத்தியம் செய்யும்போதே அது தம்மைக் கட்டாதபடி ஓர் ஓட்டை வைக்கப் பார்த்தாரே, அதுதான் குற்றம். என் நண்பரின் தூண்டில் ஆசையையும் நான் குறை சொல்லமாட்டேன். ஊட்டியை விட்டுவிட்டு, வரமுடியாத தூரத்தை அவர் தேர்ந்தெடுத்ததில்தான் ஓட்டை இருக்கிறது.

காசிமேட்டுக்காரரின் கேள்விக்கும் ஒரு பழைய பதில் உண்டு. நாகப்பட்டினத்து அதிபத்த நாயனார் தினமும் ஒரு மீனைச் சிவனுக்கென்று கடலில் விட்டார். நாள் முழுக்க ஒரே மீன் அகப்பட்டபோதும் அதையே விட்டுவிட்டுப் பட்டினி கிடந்தார். அந்த விடுதலுக்கு அவரே விலை கொடுத்தார். என் நண்பர் விடுகிற மீனுக்கு விலை கொடுப்பது யார்? ராயபுரத்தில் ஒரு கிழவி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. படகும் வலையும் கறுத்துப் போய், அங்குள்ள செம்படவர்கள் தொழிலுக்குப் போகமுடியாமல் கரையில் நின்றார்கள். அவர்களுக்கு வேறு ஆறு வேண்டாம். இருக்கிற ஆறே போதும். நல்ல தண்ணீரைத் தேடிப் போக ஒருவருக்கு முடிகிறது. தண்ணீர் கெட்டுப்போன இடத்திலேயே இருந்தாக வேண்டும் என்று பலருக்கு விதித்திருக்கிறது. புறப்பட முடிந்தவன் அதைத் தன் தைரியம் என்று மட்டும் எண்ணிக்கொள்ளக் கூடாது. அதில் அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது.

அப்படியானால் யாருமே புறப்படக் கூடாதா? அதற்கும் திருவொற்றியூரிலேயே பதில் இருக்கிறது. கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி. அவரைப் போல் எல்லாவற்றையும் உதறியவர் யார்? ஆனாலும், தாயார் இறந்தால் வந்து கொள்ளி வைப்பேன் என்று கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அந்தத் துறவி திரும்பி வந்தார் என்கிறார்கள். அவர் மிச்சம் வைத்துக்கொண்டது அந்த ஒரு வாக்கைத்தான். போவதற்கு மனிதனுக்கு உரிமை உண்டு. திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டால், அந்த வார்த்தை அவன் சொத்தல்ல.

போன வாரம் நண்பரிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு, விடுவதற்கு முன்னால் மீனை இரு கையிலும் ஏந்தியிருக்கிறார். அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் இங்கே நான் கண்டதில்லை. அதைத் தாயாரிடம் காட்டினேன். அவர் மீனைப் பார்க்கவே இல்லை.

"இளைச்சிருக்கான்" என்றார். பிறகு, "எப்ப வரானாம்?" என்று கேட்டார்.

இந்தத் தடவை என்னால் தலையை ஆட்ட முடியவில்லை. வீட்டுக்கு வந்து நண்பருக்குக் கடிதம் எழுதினேன். போகலாம் என்று நான் சொன்னது தப்பில்லை. சாட்சியாக நின்றுவிட்டுப் பேசாமல் இருந்ததுதான் தப்பு என்று எழுதினேன். 'நவம்பரில் ஆற்றுக்கு விடுமுறை. அந்த மாசம் உங்கள் சத்தியம் வேலைக்கு வரட்டும்' என்று முடித்தேன்.

பதில் இன்னும் வரவில்லை.