சுமக்கும் தூரம்

வேட்டைக்குத் திட்டமிடுகிறவன் துப்பாக்கியைப் பற்றித்தான் அதிகம் யோசிப்பான் என்று நினைத்திருந்தேன். ஆனால் மூன்று வாரங்களாக என் மேஜைமேல் விரிந்து கிடப்பது ஒரு வரைபடம். லூயிசியானா மாநிலத்தின் தெற்கே, அச்சாஃபலாயா நதியின் இரு கரையிலும் கிடக்கும் சதுப்புக் காடு. அமெரிக்காவின் ஆற்றுச் சதுப்புகளிலேயே பெரியது. அதில் பொதுநிலமாக உள்ள ஒரு பகுதியில், வரும் நவம்பரில், என் 52-ம் வயதில், முதல் தடவையாக ஒரு மானைக் கொல்ல உத்தேசம். 'கொல்ல' என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். இங்கே பலர் 'அறுவடை' என்கிறார்கள். சொல்லை மாற்றிக்கொண்டால் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடுகிறது. அதாவது, தீர்ந்ததுபோல் ஆகிவிடுகிறது.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த நாட்டில் வளர்ந்தவன் நான். வேட்டை எனக்கு ஒன்று குற்றம், அல்லது புராணம். கறி தின்பது மட்டும் குற்றமாகவும் இல்லை, புராணமாகவும் இல்லை, ஞாயிற்றுக்கிழமைச் சமாசாரம். அறுக்கிறவன், உரிக்கிறவன் எல்லோரையும் கீழே தள்ளி, தின்கிறவனைச் சுத்தமாக வைத்திருக்கும் ஏற்பாடு நம்முடையது. இங்கே வந்த பின் அந்த ஏற்பாடு பிளாஸ்டிக் தாளில் சுற்றி, எடைச்சீட்டு ஒட்டி, இன்னும் சுத்தமாகக் கிடைத்தது. ஒரு தடவையாவது இந்தக் காரியத்தை என் கையாலேயே செய்து பார்க்கவேண்டும் என்று தோன்றியது இதனால்தான். ஆனால் இதுவும் ஒரு பாவனைதானோ? சம்பளம் வாங்குகிறவன், விடுமுறை எடுத்துக்கொண்டு, தன் மனசாட்சிக்கு ஒரு நாடகம் போட்டுக் காட்டுவதற்காக ஒரு பிராணி சாகவேண்டுமா? இதற்கு என்னிடம் பதில் இல்லை. திட்டம் மட்டும் வளர்ந்துகொண்டே போயிற்று.

ஒர்டேகா இ காஸெட் 1942-ல் ஒரு வேட்டைப் புத்தகத்துக்கு எழுதிய நீண்ட முன்னுரையில், வேட்டையின் நோக்கம் சாவு அல்ல, சாவு இல்லாமல் வேட்டை மெய்யாகாது என்று வாதிக்கிறார். அழகான தர்க்கம். பல நாள் அதில் குடியிருந்தேன். பிறகுதான் அதன் குறை தெரிந்தது. துப்பாக்கி வெடித்ததும் தர்க்கம் தன் சிகரத்தை அடைந்துவிடுகிறது. செத்த மான் அதற்குப் பின் சிந்தனைக்குத் தேவைப்படுவதில்லை. அது நம்முன் கிடக்கிறது, அவ்வளவுதான்.

இதை எனக்குத் தெரியவைத்தவர் ஒர்டேகாவைப் படித்தவர் அல்ல. பக்கத்து வீட்டுக்காரர், 1755-ல் கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து விரட்டப்பட்ட அக்கேடியர்களின் வழிவந்தவர். படகுத்துறையிலிருந்து 4 மைல் உள்ளே, சதுப்புக்கு நடுவே உள்ள ஒரு மேட்டை வரைபடத்தில் காட்டினேன். யாரும் போகாத இடம் என்ற பெருமை எனக்கு. துப்பாக்கி பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"சரி, சுட்டுவிட்டாய். பிறகு?" என்றார்.

பிறகு என்ன? குண்டு பட்ட மான் அங்கேயே விழாது, ஓடும். தண்ணீரில் ரத்தத் தடம் நிற்காது. கண்டுபிடித்தால், அங்கேயே கூறு போட்டு எலும்பை நீக்கினாலும் 20, 25 கிலோ இறைச்சி. முழங்கால் சேற்றில், சைப்ரஸ் வேர்முண்டுகள் இடற, இந்த வயதில் இரண்டு நடை. நவம்பரிலும் சில நாள் பகலில் 25 பாகைக்கு மேல் ஏறுகிற ஊர். இரண்டாவது நடைக்கு நான் திரும்பும்போது அங்கே இருப்பது உணவாக இராது. கையாலேயே செய்யவேண்டும் என்று கிளம்பியவன், கடைசியில் கடைக்காரனைவிடக் கேவலமான ஒரு காரியத்தைச் செய்துவிட்டு வந்திருப்பேன்.

நான் தேடிய 'வனாந்தரம்' என்பதும் அவ்வளவு வனாந்தரம் இல்லை. மிசிசிப்பி முழுவதும் அச்சாஃபலாயாவுக்குள் பாய்ந்துவிடாமல் இருக்க, 1963-ல் மதகுகள் கட்டி முடித்தார்கள். மிசிசிப்பியும் ரெட் நதியும் கொண்டுவரும் நீரில் நூற்றுக்கு 30 பங்கு இந்தப் பக்கம் வரவேண்டும் என்பது ஏற்பாடு. என் மேடு மேடாக இருக்குமா, முழுகுமா என்பது இப்படி அளந்து விடப்படும் நீரைப் பொறுத்தது. வெள்ளம் ஏறினால் மான்கள் மிச்சமிருக்கும் திட்டுகளில் ஒண்டிக்கொள்ளும். ஆற்றின் அளவுமானி குறித்த எல்லையைத் தாண்டினால் அந்தப் பகுதிகளில் மான் வேட்டையை நிறுத்திவிடுகிறார்கள். ஒண்டியிருப்பதைச் சுடுவது வேட்டையல்ல என்பது சட்டத்துக்கும் தெரிந்திருக்கிறது. அதோடு, 1937-ம் வருஷச் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கி மீதும் தோட்டா மீதும் விதிக்கப்படும் நூற்றுக்கு 11 வரி வனவிலங்குப் பராமரிப்புக்குத்தான் போகிறது. கொல்லும் கருவியின் விலையிலேயே காப்பதற்கான காசும் சேர்ந்திருக்கிறது. சுத்தமாக வெளியே நிற்க இங்கே யாருக்கும் இடமில்லை.

பொதுநிலத்துக்கு நம்மிடம் உள்ள சொல் புறம்போக்கு. அதை வசவாகவும் ஆக்கிவிட்டோம். யாருடையதும் அல்லாதது, ஆகவே யாரும் எதையும் செய்யலாம் என்பது அதன் உள்ளர்த்தம். எல்லோருடையதும் என்று அதையே திருப்பிப் படித்தால், அங்கே நான் விட்டுவிட்டு வரும் ஒவ்வொரு கிலோ இறைச்சிக்கும் கணக்கு உண்டு.

கொல்லலாமா, கூடாதா என்ற கேள்வி நாற்காலியில் உட்கார்ந்து கேட்கப்படுவது. அதற்கு நாற்காலியிலேயே பதிலும் கிடைத்துவிடும். சுமக்க முடியுமா என்ற கேள்விக்கு முதுகுதான் பதில் சொல்லவேண்டும். சுமக்க முடிகிறவன் கொன்றது சரி என்று ஆகிவிடாது. ஆனால் சுமக்க முடியாத தூரத்தில் கொல்கிறவன் செய்தது தப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தார்மிகத்தில் இவ்வளவு நிச்சயமாக ஏதாவது தெரியவருவது அபூர்வம்.

நேற்று படகுத்துறையை மையமாக வைத்து ஒரு மைலுக்கு ஒரு வட்டம் போட்டேன். அந்த மேடு வெளியே போய்விட்டது. வட்டத்துக்குள் எல்லோரும் வருவார்கள், மான் இருக்காது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வெறுங்கையோடு திரும்புவதே நடக்கக்கூடியது. சட்டப்படி 400 சதுர அங்குல ஆரஞ்சு நிறம் அணியவேண்டும். அது மற்ற மனிதர்கள் என்னைச் சுட்டுவிடாமல் இருக்க. மானின் கண்ணுக்கு அந்த நிறம் சரியாகத் தெரியாது. வட்டத்துக்கு வெளியே, தெளிவாக, அசையாமல் ஒரு மான் நின்றால் என் விரல் என்ன செய்யும் என்பதைப் பார்க்க அங்கே வேறு யாரும் இருக்கமாட்டார்கள். கோடு பென்சிலால்தான் போட்டிருக்கிறேன்.