கதையும் கல்லாப்பெட்டியும்

கோவலன், கண்ணகியின் வரலாற்றை இளங்கோவடிகளுக்கு எடுத்துரைத்தவர் சாத்தனார் என்று சிலப்பதிகாரத்தின் பதிகம் சொல்கிறது. அவரை நம் மரபு மதுரைக் கூலவாணிகன் என்று அழைக்கிறது. கூலம் என்றால் தானியம். தானியம் அளந்த கையே மணிமேகலையையும் எழுதிற்று என்பது நாம் வழிவழியாகக் கேட்டுவரும் செய்தி. ஆகவே வணிகமும் கதையும் ஒரே மனிதரிடம் குடியிருக்கலாம் என்பதில் நமக்கு வியப்பொன்றும் இல்லை. ஆனால் தம் கடைத் தானியத்தை விற்பதற்காகச் சாத்தனார் கண்ணகியின் கதையைச் சொன்னார் என்று இதுவரை எவரும் சொன்னதில்லை. கதை ஒரு திண்ணையிலும் கூலம் மற்றொரு திண்ணையிலும் இருந்தன.

இன்று இரண்டும் ஒரே திண்ணைக்கு வந்துவிட்டன. சிறுதொழில் தொடங்குவோர்க்கு நடத்தப்படும் பயிற்சி வகுப்புகளில் முதற்பாடமே இதுதான்: பொருளைப் பற்றிப் பேசாதே, கதையைச் சொல். எங்கே பிறந்தாய், எப்படித் தோற்றாய், எவ்வாறு எழுந்தாய் என்பதை முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் நாள்தோறும் சொல். பொருள் தானே விற்கும். சோப்புக்கும் காப்பித்தூளுக்கும் சேலைக்கும் ஒரு வரலாறு உண்டாகிவிடுகிறது. பொருளை விற்பதற்காகக் கதை சொல்வது அறத்திற்கு ஏற்றதுதானா என்ற வினா அதன் பின்னே நிற்கிறது. ‘வணிகன் என்றால் பொய் சொல்வான், இதில் ஆராய என்ன இருக்கிறது?’ என்று சிலர் கேட்கக்கூடும். நேர்மையாக வாணிகம் செய்து பிழைப்பவர்களை ஒரே வரியில் இழிவுபடுத்தும் பேச்சு அது. நாம் அதை ஏற்பதற்கில்லை. ‘தொழில் வேறு, அறம் வேறு’ என்று நழுவுவோரையும் நம்மால் ஏற்க இயலவில்லை.

கதைக்கு விலையை உயர்த்தும் ஆற்றல் உண்டா என்பதை முதலில் பார்ப்போம். 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ராப் வாக்கர், ஜோஷுவா கிளென் என்ற இருவர் ஒரு சோதனை நடத்தினர். பழம்பொருள் கடைகளிலும் வீட்டு வாசல் விற்பனைகளிலும் கிடக்கும், யாரும் சீண்டாத சின்னஞ்சிறு பொருள்களை வாங்கினர். ஒன்றின் விலை சராசரியாக ஒன்றேகால் டாலர். ஒவ்வொரு பொருளையும் ஓர் எழுத்தாளரிடம் கொடுத்து, அதைப் பற்றி ஒரு கதையைப் புனைந்து தரச் சொன்னார்கள். பிறகு ஈபே என்ற இணைய ஏலச் சந்தையில், பொருளின் விவரம் இருக்கவேண்டிய இடத்தில் அந்தக் கதையை இட்டு விற்றார்கள். மொத்தம் 128 டாலர் 74 சென்ட்டுக்கு வாங்கியவை 3,612 டாலர் 51 சென்ட்டுக்கு விலைபோயின. ஏறத்தாழ இருபத்தெட்டு மடங்கு! 99 சென்ட்டுக்கு வாங்கிய ஒரு குதிரைத் தலைப் பொம்மையை ஒருவர் 62 டாலர் 95 சென்ட் கொடுத்து எடுத்துச் சென்றார்.

இதில் எவரேனும் ஏமாற்றப்பட்டாரா? இல்லை. ஒவ்வொரு கதையும் புனைவு என்று அங்கேயே வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருந்தது. எழுதியவரின் பெயரும் இருந்தது. வாங்கியவர் தெரிந்தேதான் வாங்கினார். அப்படியானால் அவர் எதற்கு விலை கொடுத்தார்? பொம்மைக்கு அன்று, அதன்மேல் படிந்த பொருளுக்கு. பொருள் என்ற ஒரே சொல்லால் பண்டத்தையும் செல்வத்தையும் அர்த்தத்தையும் குறிப்பது நம் மொழிக்கு வாய்த்த பேறு. பாட்டி வைத்துப்போன பித்தளைச் செம்பை எடைக்குப் போட்டால் என்ன கிடைக்கும் என்பது நமக்குத் தெரியும், ஆனாலும் போடுவதில்லை. ஆக, கதை விலையை உயர்த்துவது தன்னளவில் குற்றமன்று. குற்றம் வேறெங்கோ இருக்கிறது.

இன்னொரு நிகழ்ச்சி, சற்றுப் பழையது. 1921இல் வாஷ்பர்ன் கிராஸ்பி என்ற அமெரிக்க மாவு நிறுவனம் தன் மாவுக்காக ஒரு புதிர்ப் போட்டி வைத்தது. விடைகளோடு, ரொட்டியும் கேக்கும் சுடுவது குறித்த ஐயங்களையும் இல்லத்தரசிகள் எழுதி அனுப்பினர். பதில் எழுதவேண்டும்; நிறுவனத்தின் பெயரில் எழுதினால் ஒட்டாது; ஒரு பெண் எழுதினால் ஒட்டும். உடனே பெட்டி கிராக்கர் என்ற பெண் பிறந்தார். கிராக்கர் என்பது ஓய்வுபெற்ற இயக்குநர் ஒருவரின் குடும்பப் பெயர். பெட்டி என்பது கேட்க இனிமையாக இருந்ததால் சேர்த்துக்கொண்டது. 1924இல் வானொலியில் அவருக்குக் குரல் வந்தது. 1936இல் முகமும் வரையப்பட்டது. 1945இல் ஃபார்ச்சூன் இதழ், எலினார் ரூஸ்வெல்ட்டுக்கு அடுத்தபடியாக அமெரிக்கர் நன்கறிந்த பெண்மணி இவரே என்று எழுதியது. ஒருநாளும் உயிரோடு இருந்திராத பெண்மணி!

இதை எப்படி எடைபோடுவது? சொல்லப்பட்ட சமையற் குறிப்புகள் உண்மையானவை. நிறுவனத்தின் சமையற்கூடத்தில் செய்துபார்த்தவை. எழுதிய கை மட்டுமே பொய். குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்க்கும் ஓர் இடம் உண்டு என்று வள்ளுவர் ஒரு சிறு கதவைத் திறந்து வைத்திருக்கிறாரே, பெட்டி கிராக்கர் அந்தக் கதவு வழியாக நுழைய முடியுமா? நம்மால் உறுதியாக ஆம் என்று சொல்ல முடியவில்லை. வள்ளுவர் கேட்பது குற்றமற்ற நன்மை. இங்கோ நன்மையோடு மாவு மூட்டையும் சேர்ந்து வருகிறது. அக்கம்பக்கம் இல்லாத பண்ணை வீட்டில் இருந்துகொண்டு, தன் கவலையையும் சேர்த்து ஒரு தோழிக்கு எழுதுவதாக எண்ணி எழுதிய பெண், உண்மையில் ஓர் அலுவலகத்திற்கு எழுதினாள். அவளுடைய கேக் நன்றாகவே வந்திருக்கும். இருந்தும் அவளிடமிருந்து ஏதோ ஒன்று, அவளுக்குத் தெரியாமல் எடுத்துக்கொள்ளப்பட்டது. பெரும் பாவம் என்று சொல்ல நாவெழவில்லை. தூயது என்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை.

இனி வருவது அத்தகைய ஐயத்திற்கு இடமில்லாதது. பெல் கிப்சன் என்ற ஆஸ்திரேலியப் பெண், தமக்கு மூளையில் புற்றுநோய் என்றும், வழக்கமான சிகிச்சையைக் கைவிட்டு உணவாலும் மாற்று மருத்துவத்தாலும் தாம் அதை எதிர்கொண்டு வாழ்வதாகவும் இன்ஸ்டாகிராமில் எழுதிவந்தார். இளம் வயது, கையில் குழந்தை, சிரித்த முகம். 2013இல் ‘தி ஹோல் பேன்ட்ரி’ என்ற கைப்பேசிச் செயலியை வெளியிட்டார். 2014இல் பெங்குவின் நிறுவனம் அவருடைய சமையல் நூலை வெளியிட்டது. வருவாயின் பெரும்பகுதி அறப்பணிகளுக்கே போகிறது என்றும் அவர் சொன்னார். 2015 மார்ச் மாதத்தில், சொன்ன நன்கொடைகள் போய்ச் சேரவில்லை என்பதை மெல்போர்னின் ‘தி ஏஜ்’ நாளிதழ் வெளிக்கொணர்ந்தது. அடுத்த மாதமே, தமக்குப் புற்றுநோய் இருந்ததே இல்லை என்பதை அவரே ஒரு பெண்கள் இதழின் நேர்காணலில் ஒப்புக்கொண்டார். 2017 செப்டம்பரில் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் அவருக்கு 4,10,000 ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதித்தது. அதில் மிகப்பெரிய பகுதி, 1,50,000 டாலர், ஒரே ஒரு வாக்குறுதிக்காக விதிக்கப்பட்டது. மூளையில் கட்டி கண்ட ஒரு சிறுவனின் குடும்பத்திற்கு ஒரு வார விற்பனைத் தொகை முழுவதையும் தருவதாக அவர் அறிவித்திருந்தார், தரவில்லை.

இங்கே விற்கப்பட்டது என்ன என்று எண்ணிப் பார்க்கவேண்டும். செயலியிலும் நூலிலும் இருந்த காய்கனிச் சமையலைத் தனியே எடுத்தால் அதில் பெரிதாகப் பழுது சொல்வதற்கில்லை. விற்பனைக்கு வந்தது சமையல் அன்று, கதையே. ‘நான் சாகவேண்டியவள், சாகவில்லை’ என்ற அந்த ஒரு வாக்கியத்திற்கே மக்கள் காசு கொடுத்தார்கள். அதை யார் யார் வாங்கியிருப்பார்கள்? பொழுதுபோக்காக வாங்கியவர்கள் இருந்திருக்கலாம். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அறிக்கைக்காகக் காத்துக்கொண்டு, கைப்பேசியில் விரலைத் தள்ளியபடி இருந்த ஒரு நோயாளியும் இருந்திருக்கலாம். பழுதான பாத்திரத்தைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகலாம். சிகிச்சையைத் தள்ளிப்போட்ட மாதங்களை எந்தக் கடையில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பது?

ஏன் எவரும் முன்கூட்டியே கேட்கவில்லை என்பதும் நம்மை வாட்டுகிறது. சொன்னதைச் சரிபார்க்காமல் நூலை வெளியிட்டதற்காகப் பதிப்பகம் 2016இல் 30,000 டாலர் செலுத்த இசைந்தது. பதிப்பகத்தை மட்டும் குறைசொல்லி என்ன பயன்? துன்பக் கதைக்கு ஒரு தனி வலிமை உண்டு. அது கேட்பவரின் வாயை அடைத்துவிடும். சந்தையில் கத்தரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறோம், புழு இருக்கிறதா என்று காம்பருகே தேடுகிறோம், கடைக்காரர் கோபிப்பதில்லை. ஆனால் புற்றுநோயாளி என்று சொல்பவரிடம் மருத்துவச் சான்று எங்கே என்று கேட்க எவருக்கு மனம் வரும்? கேட்டால் நாம்தான் கல்நெஞ்சர் ஆவோம். நம்முடைய இரக்கமே அங்கே பூட்டாகிவிடுகிறது. பொய்யான எடைக்கல்லைவிட இது கொடியது என்று நாம் கருதுவது இதனால்தான். எடைக்கல் நம் பணத்தை மட்டுமே குறைக்கும். இதுவோ, நாளை உண்மையாகவே நோயுற்று ஒருவர் வந்து நிற்கும்போது அவருக்காக நாம் வைத்திருக்கவேண்டிய இரக்கத்தைக் குறைத்துவிடுகிறது.

(இடையில் ஒரு செய்தி. 2025இல் நெட்பிளிக்ஸ் நிறுவனம் இந்தப் பொய்யையே ஒரு தொடராக எடுத்து உலகெங்கும் வெளியிட்டது. பொய்க்கதையும் சரக்காயிற்று, பொய்க்கதையைப் பற்றிய கதையும் சரக்காயிற்று.)

அந்நாளில் அச்சிதழ்களில் விளம்பரத்தைச் சுற்றி ஒரு கோடு இருந்தது. கோட்டுக்கு இப்பால் செய்தி, அப்பால் சரக்கு. கைப்பேசித் திரையில் அந்தக் கோடு அழிந்துவிட்டது. தங்கை பிள்ளையின் பிறந்தநாள் படம், பங்கில் ஒருவர் இறந்த செய்தி, முகப்பூச்சு ஒன்றால் வாழ்வே மாறிய கதை என எல்லாம் ஒரே வரிசையில், ஒரே அளவில், ஒரே குரலில் வருகின்றன. நண்பரின் வார்த்தைக்கு நாம் தரும் நம்பிக்கையை வணிகர் எவ்வித முதலீடுமின்றி எடுத்துக்கொள்கிறார். 1997இல் திருப்பீடத்தின் சமூகத் தொடர்பு மன்றம் விளம்பர அறநெறி பற்றி ஒரு ஆவணம் வெளியிட்டது. விளம்பரம் தன்னளவில் தீயதன்று என்றே அது தொடங்குகிறது. உண்மை, மனித மாண்பு, சமூகப் பொறுப்பு என்ற மூன்றையும் அதனிடம் கேட்கிறது. முகநூல் பிறந்தது 2004இல், இன்ஸ்டாகிராம் 2010இல். முன்பே எழுதப்பட்ட ஆவணமானாலும், இன்று படித்தால் நம் கைப்பேசியைப் பார்த்து எழுதியதுபோலவே இருக்கிறது.

நம் நாட்டில் சட்டமும் மெல்ல விழித்தது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான வழியில் இட்டுச்செல்லும் விளம்பரத்திற்குப் பத்து இலட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் ஐம்பது இலட்சம் வரையும் தண்டம் விதிக்கலாம். காசோ பொருளோ பெற்றுக்கொண்டு சமூக ஊடகத்தில் ஒன்றைப் புகழ்வோர் அதை வெளிப்படையாகக் குறிப்பிடவேண்டும் என்று 2021இல் இந்திய விளம்பரத் தர மன்றமும், 2023 ஜனவரியில் நடுவண் அரசும் நெறிமுறைகள் வகுத்தன. நல்லதே. அழிந்த கோட்டை மீண்டும் வரையும் முயற்சி இது.

ஆனால் எல்லாம் உண்மையாகவே இருந்து, எல்லாம் வெளிப்படையாகவே சொல்லப்பட்டாலும் ஒரு வினா மிஞ்சுகிறது. கைம்பெண் ஒருவர் முறுக்குச் சுட்டு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணவர் குடியால் இறந்தார், இரண்டு பிள்ளைகள். பயிற்சி வகுப்பில், ‘உங்கள் கதையைச் சொல்லுங்கள், அம்மா’ என்கிறார்கள். சொல்கிறார். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. விற்பனை பெருகுகிறது; பள்ளிக் கட்டணம் கட்ட முடிகிறது. இதில் குறைகாண நாம் யார்? தம் உழைப்பையும் தம் வாழ்வையும் தம் வாயால் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. வறியவர் வாய்மூடி இருப்பதே அழகு என்று சொல்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை.

எனினும் அந்தக் கதை அவர் ஒருவருக்கே உரியதா? குடித்து இறந்தவர் பிள்ளைகளின் தந்தை. பதினான்கு வயது மகள் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய தோழிகளின் வீட்டிலும் கைப்பேசி உண்டு. அத்தோடு, ஊடகம் ஒரு கதையோடு நிறைவடைவதில்லை. அடுத்த வாரம் புதியது கேட்கும். முதலில் மறைவு, பிறகு கடன், பிறகு மாமியாரின் ஏச்சு. சொல்லச் சொல்ல வாழ்வே கொள்முதல் சரக்காகிவிடுகிறது. எதைச் சொல்வது என்பதை எந்த இடத்தில் அவர் தீர்மானிக்கிறார், எந்த இடத்தில் பார்வையாளர் எண்ணிக்கை தீர்மானிக்கிறது என்பதை அவரே அறியாமல் போகலாம்.

இன்னொருவரையும் நாம் மறந்துவிடக்கூடாது. அதே தெருவில், நான்கு வீடு தள்ளி, மற்றொரு பெண்ணும் முறுக்குச் சுடுகிறார். நல்ல எண்ணெய், நல்ல பதம். அவருக்குச் சொல்ல வராது. அல்லது சொல்ல ஒன்றுமில்லை. கணவர் உயிரோடு, ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டு, சாதாரணமாக இருக்கிறார். கதை சரக்கின் இடத்தைப் பிடித்துக்கொண்ட சந்தையில் இவருடைய முறுக்கு எவ்வளவு நன்றாயிருந்தால்தான் என்ன? இவரைப் பற்றி விளம்பர அறநெறிகள் எதிலும் ஒரு விதி இல்லை. இவருக்கு அநீதி இழைத்தவர் என்று எவரையும் சுட்டிக்காட்டவும் முடியாது. கண்ணீரைக் கேட்டு வாங்கப் பழகிவிட்ட நாம் எல்லாரும் சேர்ந்து செய்வது அது.

பட்டினப்பாலை புகார் நகரத்து வணிகர்களைப் புகழும்போது, பழிக்கு அஞ்சி உண்மை பேசினார்கள் என்றும், கூடுதலாக வாங்காமலும் குறைவாகக் கொடுக்காமலும் பண்டத்தின் மதிப்பைத் திறந்து சொல்லி விற்றார்கள் என்றும் சொல்கிறது. அவர்களுக்கும் கடலில் மூழ்கிய கலங்களும் திரும்பி வராத உறவினரும் இருந்திருப்பார்கள். பாட்டு அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த இரண்டாம் பெண்ணின் பொட்டலத்தின்மேலும் எடை, விலை, சுட்ட நாள் ஆகியவை மட்டுமே எழுதப்பட்டிருக்கின்றன.