குடிபெயர்வோர் பற்றிய அறிவும் அறமும்

மனிதன் ஓரிடம் விட்டு வேறிடம் செல்வது மனித வரலாற்றின் அளவு பழைமை வாய்ந்தது. ஆயின் அவ்வாறு செல்வோனை எண்ணி, வகைப்படுத்தி, அவனைப் பற்றிப் பல நாட்டு அரசுகளும் அறிஞரும் ஒன்றுகூடி முடிவு செய்வது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுக்குரிய வழக்கமாகும். இன்று இவ்வழக்கம் ஒரு தனித் துறையாகவே வளர்ந்துள்ளது. இத்துறையின் பயன்களை எடுத்துரைப்போர் பலர். அதன் அடியில் கிடக்கும் அறவினாவை எழுப்புவோர் சிலரே. ஒருவனைப் பற்றி நன்கு அறிந்திருத்தல் அவனுக்காக முடிவெடுக்கும் உரிமையை நமக்குத் தருமா என்பதே அவ்வினா. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாடுகள் ஒத்துழைக்காவிடின் குடிபெயர்ந்தோர்க்கு நன்மை விளையாது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். உருசியப் புரட்சியையும் உள்நாட்டுப் போரையும் அடுத்து நாட்டுரிமை இழந்து ஐரோப்பா எங்கும் சிதறிய மக்களுக்கு, நோர்வே நாட்டவரான நான்சென் 1922 இல் ஒரு கடவுச்சீட்டு முறையை ஏற்படுத்தினார். துருவ ஆய்வாளராகப் புகழ்பெற்ற அவர் அக்காலத்தில் நாடுகளின் சங்கத்தின் அகதிகளுக்கான உயர் ஆணையாளராக விளங்கினார். ஒரு நாடு மட்டும் அத்தாளை வழங்கியிருப்பின் அது வெறும் தாளே. ஏனைய நாடுகள் அதனை மதிக்க உடன்பட்டமையாலேயே அது மனிதனுக்கு ஓர் அடையாளமாயிற்று. ஒத்துழைப்பின் அறப்பெறுமதிக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆயின் அதே காலத்தில், அதே நான்செனின் ஆதரவுடன், வேறொரு ஒத்துழைப்பும் உருவாயிற்று. 1923 சனவரியில் லொசான் நகரிலே கிரேக்கமும் துருக்கியும் கைச்சாத்திட்ட மக்கட் பரிமாற்ற உடன்படிக்கையே அது. போரின்போது ஏற்கெனவே தப்பியோடியோரையும் சேர்த்து ஏறக்குறையப் பன்னிரண்டு இலட்சம் கிறித்தவர்கள் கிரேக்கத்துக்கு உரியோராயினர். மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் துருக்கிக்கு உரியோராயினர். மதமே அளவுகோலாகக் கொள்ளப்பட்டமையால், துருக்கி மொழி பேசிய கிறித்தவர் கிரேக்கத்துக்கும், கிரேக்க மொழி பேசிய கிரேத்தாத் தீவு முஸ்லிம்கள் துருக்கிக்கும் அனுப்பப்பட்டனர். இப்பரிமாற்றம் கட்டாயமானது. போரைத் தவிர்க்கும் நன்னோக்கு அதிலே இருந்திருக்கலாம். திட்டமும் கலப்பு ஆணைக்குழுவும் இருந்தன. சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதம் ஒன்றே இருக்கவில்லை.

இத்தகைய நிகழ்ச்சியை நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இம்மக்களின் தொகை 9,75,000 என மதிப்பிடப்பட்டது. அதில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதெனத் தீர்மானிக்கப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் விதி பின்னைய பேச்சுக்கு விடப்பட்டு, 1974 ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தில் 75,000 வீதம் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. மனிதர் தொகையை இவ்வாறு சரிபாதியாக வகுக்க முடிந்தமை நம்மைச் சிந்திக்க வைக்கின்றது. பொருளை வகுக்கலாம். தாயும் மகளும் வெவ்வேறு பட்டியலில் இடம்பெறக்கூடிய ஒரு சமூகத்தை எவ்வாறு வகுப்பது?

தனியாள் ஒவ்வொருவரும் தாம் விரும்பிய பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க வாய்ப்பிருந்ததே எனச் சிலர் கூறுவர். அது உண்மையே. ஆயினும் மொத்தத் தொகை முன்னரே தீர்மானிக்கப்பட்டிருந்தது. ஒதுக்கப்பட்ட தொகையிலும் மிகப் பலர் இலங்கைப் பிரஜாவுரிமையை நாடியமை, அம்மக்களின் விருப்பத்துக்கும் ஒப்பந்தத்தின் கணக்குக்கும் இடையே இருந்த தூரத்தைக் காட்டுகின்றது. தலைமன்னாரிலிருந்து கப்பலேறியோர் தமிழ்நாட்டிலே 'தாயகம் திரும்பியோர்' எனப் பதிவு செய்யப்பட்டனர். அவர்களுட் பலர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். ஒரு மனிதனின் தாயகம் எதுவென்பதை அவனுக்குப் பிறர் சொல்லிக்கொடுத்த விந்தை இது. இங்கு எஞ்சியோரின் நாடற்ற நிலை 1988, 2003 ஆம் ஆண்டுகளின் சட்டங்களாலேயே தீர்க்கப்பட்டது.

இவற்றைக் கொண்டு எண்ணுவதே தவறு என முடிவு கட்டுதல் பொருந்தாது. எண்ணப்படாதோர் மறக்கப்படுவர். 2013 ஒக்டோபரில் இத்தாலியின் லம்பெதூசாத் தீவருகே படகு மூழ்கி 360 இற்கு மேற்பட்டோர் இறந்ததன் பின்னரே, குடிபெயர்வுக்கான சர்வதேச அமைப்பு வழியில் மாண்டோரையும் காணாமற் போனோரையும் முறையாகப் பதிவு செய்யும் பணியை 2014 இல் மேற்கொண்டது. பெயரறியாப் பிணத்தையும் ஒன்றென எண்ணுதல் இறந்தவனுக்கு நாம் செய்யும் கடைசி மரியாதையாகும். மலையக மக்களின் வறுமையையும் கல்விக் குறைவையும் எடுத்துக்காட்டப் பயன்பட்டனவும் புள்ளிவிபரங்களே. எனவே குற்றம் எண்ணிலன்று. எண்ணிய மாத்திரத்தே கேட்க வேண்டிய கடமை தீர்ந்துவிட்டதெனக் கொள்வதிலேயே உள்ளது.

மனிதனை வெறும் கருவியாகக் கொள்ளாது அவனையே நோக்கமாகக் கொள்ள வேண்டும் என்றார் காண்ட். குடிபெயர்ந்தோனின் நன்மையை நாடுபவரும் அவனைக் கருவியாக்கக்கூடும் என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது. அரசுக்கு அவன் தொழிலாளி; பொருளியலாளருக்கு அவன் அனுப்பும் பணம்; ஆய்வாளருக்கு அவன் தரவு. இவை யாவும் உண்மையே. ஆயின் இவை யாவற்றையும் கூட்டினாலும் அவன் வருவதில்லை.

கேட்பதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. புலம்பெயர்ந்த சமூகம் ஒரே குரலிற் பேசுவதில்லை. 1983 இன் பின்னர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் குடியேறிய நம்மவரை நோக்கின் இது புலனாகும். சங்கம் அமைத்து மேடையேறியோரின் குரல் கேட்கும். இரவில் உணவுச்சாலையிற் பாத்திரம் கழுவுவோனின் குரல் கேட்காது. யாரைக் கேட்பது என்ற வினா நியாயமானதே. எனினும் கருத்து வேறுபாடு கேளாமைக்குக் காரணமாகாது. 1964 இல் அம்மக்களைக் கேட்டிருந்தாலும் பலர் இந்தியா செல்லவே விரும்பியிருக்கக்கூடும். அவ்வாறாயின் அப்பயணம் அவர்களுடையதாக இருந்திருக்கும். கப்பல் ஒன்றே, கடல் ஒன்றே. ஆயினும் செல்வதற்கும் அனுப்பப்படுவதற்கும் இடையே உள்ள வேறுபாடு அறத்தின்பாற்பட்டது.

2018 டிசம்பரில் மராகேஷ் நகரில் ஏற்கப்பட்ட குடிபெயர்வு பற்றிய உலகப் பொருத்தனை 23 குறிக்கோள்களைக் கொண்டது. முதலாவது, கொள்கைக்கு ஆதாரமாகத் தரவுகளைத் திரட்டுவது. இறுதியானது, நாடுகளிடை ஒத்துழைப்பை வலுப்படுத்துவது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் 152 நாடுகள் அதனை ஆதரித்தன, 5 எதிர்த்தன, 12 வாக்களியாது விலகின. அதன் தயாரிப்பிலே குடிபெயர்ந்தோரின் அமைப்புகளும் கலந்தாலோசிக்கப்பட்டன. 1923 இலிருந்து இது பெரிய முன்னேற்றமே. ஆயினும் கருத்துக் கூறும் உரிமையும் முடிவிற் பங்குகொள்ளும் உரிமையும் ஒன்றல்ல. வாக்கு இன்றும் அரசுகளுக்கே உரியது.

இவை அரசுகளின் காரியம், மாணவராகிய நமக்கு இதில் என்ன உண்டு என எண்ணிவிடலாகாது. வெளிக்கள ஆய்வொன்றுக்காக வினாக்கொத்துடன் தோட்ட லயம் ஒன்றுக்குச் சென்றிருந்தபோது, தம்பி இருவரைக் கப்பலில் அனுப்பிவிட்டுத் தனித்திருந்த மூதாட்டி ஒருவர் என் வினாக்களுக்கெல்லாம் பொறுமையுடன் விடையளித்தார். முடிவில், "போன தடவ வந்தவங்களும் இதத்தான் தம்பி எழுதிக்கிட்டுப் போனாங்க. எழுதினத எங்களுக்கு யாரும் வாசிச்சுக் காட்டலியே" என்றார். அதிலே கோபம் இருக்கவில்லை. நான் விடை கூற முடியாதிருந்தேன். என் ஆய்வறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்படவிருந்தது. அது போய்ச் சேருமிடம் எங்கள் நூலகம். அவருடைய வாழ்க்கையைப் பற்றிய அறிவு அவருக்கு மட்டும் எட்டாத இடத்திற் சேமிக்கப்படவிருந்தது.

ஒருவரிடமிருந்து பெறும் அறிவு ஒருவகைக் கடனாகும். எதற்காகக் கேட்கிறோம் என்பதை முன்னரே கூறுதல், விடையளிக்க மறுக்கும் உரிமையை மதித்தல், கண்டதை அவர்தம் மொழியில் அவரிடமே கொண்டு சேர்த்தல் ஆகியவற்றால் அக்கடனின் ஒரு பகுதியேனும் தீரும். மற்றைய பகுதி, அவர்களைப் பற்றி முடிவு செய்யும் மேசையில் அவர்களும் அமரும் நாளிலேயே தீரும். அந்நாளை உண்டாக்கும் ஆற்றல் நம்மிடம் இல்லாதிருக்கலாம். எழுதியதை வாசித்துக் காட்டும் ஆற்றல் நம்மிடம் உண்டு.