கேள்வியில்லா மறுமொழி

மணப்பாறை மாட்டுச் சந்தையில், பல்லைப் பிடித்துப் பாராமல் எவரும் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. விற்பவனும் அதற்காகச் சினப்பதில்லை. உழவன் மாட்டுக்குக் காட்டும் இந்த விழிப்பை, நாடு தன் சட்டத்துக்குக் காட்டிற்றா?

2023 டிசம்பர் 13 அன்று, பார்வையாளர் மாடத்திலிருந்து மக்களவைக்குள் குதித்த இருவர் வண்ணப் புகை பரப்பினர். உள்துறை அமைச்சர் விளக்கம் தரவேண்டுமென வற்புறுத்தியோர், அவை ஒழுங்கைக் குலைத்தனர் எனக் கூறி இடைநீக்கம் செய்யப்பட்டனர். அக்கூட்டத்தொடரில் இரு அவைகளிலுமாக 146 பேர்! டிசம்பர் 20 அன்று, 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் உள்ளிட்ட மூன்று சட்டங்களுக்கு மாற்றான மசோதாக்கள் மீது, எதிர்வரிசையில் பெரும்பாலோர் இல்லாத மக்களவையில் அதே அமைச்சர் அமித் ஷா பதிலுரைத்தார். அடிமைக்காலச் சின்னம் அகன்றது என்றனர். அகலட்டும்! ஆனால், ஆளப்படுவோரைக் கேளாமல் சட்டம் இயற்றியதன்றோ அடிமைக்காலத்தின் இயல்பு?

பழைய சட்டத்தில், போலீஸ் காவலை முதல் 15 நாட்களுக்குள்தான் கேட்க முடியும். புதியதிலோ அந்த 15 நாட்களை, குற்றத்துக்கேற்ப முதல் 40 அல்லது 60 நாட்களுக்குள் துண்டு துண்டாகக் கேட்கலாம். ஏனென்று வினவும் இடம் அவை. வினவ வேண்டியோர் வெளியே! 2024 ஜூலை 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. அதன் சுமையைத் தாங்குபவன், வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பொருளற்ற ஏழை.

பெரும்பான்மை இருக்கக் கேள்வி எதற்கு என்பார் உண்டு. பெரும்பான்மை சட்டத்தை நிறைவேற்றும். நியாயத்தை அது தனித்து நிறுவாது. நல்ல சட்டமேயாயினும், கேள்வியைக் கடந்தே வரட்டும், தோழர்களே!