ஊரெல்லாம் சொன்னால் உறுதியாகுமா?

தாமிரபரணி கடலோடு சேரும் கழிமுகத்துக்குச் சற்றுத் தெற்கே உள்ள காயல்பட்டினத்தில், நபிகளாரின் காலத்தை ஒட்டியே இஸ்லாம் அந்தக் கரைக்கு வந்துவிட்டது என்ற செய்தி தலைமுறை தலைமுறையாக வழங்குகிறது. 9ஆம் நூற்றாண்டில் எகிப்திலிருந்து ஒரு கூட்டத்தார் கப்பலேறி வந்திறங்கினார்கள், பாண்டியன் அவர்களுக்கு இடம் கொடுத்தான் என்பது அதற்கு அடுத்த செய்தி. இவற்றைக் கேட்டதும் வரலாற்றுத் துறைக்காரர் கல்வெட்டு எங்கே, காசு எங்கே என்பார். ஒன்றும் காட்டாவிட்டால் கர்ணபரம்பரை என்று ஒதுக்கிவிட்டு 13ஆம் நூற்றாண்டுக்குத் தாவிவிடுவார். ஊர்ப் பெரியவருக்கோ அந்தக் கேள்வியே மரியாதைக் குறைவாகப் படும். முன்னோர் பொய்யா சொல்வார்கள் என்பார். இருவரும் எதிரெதிர் நிற்பதாகத் தோன்றினாலும் ஒன்றில் ஒத்துப்போகிறார்கள். ஒரு செய்தியை முழுதாக ஏற்க வேண்டும், அல்லது முழுதாகத் தள்ள வேண்டும் என்றே இருவரும் எண்ணுகிறார்கள். இஸ்லாமியக் கல்வி மரபு அப்படி எண்ணவில்லை. செய்திகளுக்குப் படிநிலை வகுத்து, எது எந்த அளவுக்கு உறுதி தரும் என்று அது கணக்கிட்டு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு ஹதீஸ் கலையில் மட்டும் இல்லை, மத்ரஸாவில் ஓதும் மன்திக் கிதாபுகளிலேயே இருக்கிறது. அதை எடுத்து இந்த ஆற்றங்கரையின் வரலாற்றின் மீது வைத்துப் பார்ப்பது மார்க்கத்தை வெளியாள் சோதிப்பதாகாது; மார்க்கக் கல்வி தன் வேலையைத் தானே செய்வதாகும்.

மன்திக் என்னும் தருக்கக் கலை நம் மத்ரஸாக்களுக்கு வந்த வழி நீளமானது. 13ஆம் நூற்றாண்டில் அப்ஹரீ எழுதிய ஈஸாகூஜியும் காத்திபீ எழுதிய ஷம்ஸிய்யாவும் கிழக்குலகம் முழுவதும் தொடக்கப் பாடங்களாயின. லக்னோவின் ஃபிரங்கி மஹலில் முல்லா நிஜாமுத்தீன் வகுத்த பாடத்திட்டம் தருக்கத்துக்கும் தத்துவத்துக்கும் தாராளமாக இடம் தந்தது. அவருடைய மகன் பஹ்ருல் உலூம் அப்துல் அலீ, பிஹாரி எழுதிய ஸுல்லமுல் உலூமுக்கு உரை செய்தவர். ஆற்காடு நவாப் வாலாஜாவின் ஆதரவில் சென்னைக்கு வந்து 1810இல் இங்கேயே மறைந்தார். பிறகு வேலூரின் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் போன்ற மத்ரஸாக்களில் ஓதித் திரும்பிய மவ்லவிகள் வழியே இந்தப் படிப்பு தமிழகத்தின் தென்கோடிவரை பரவியது. இந்தக் கிதாபுகளின் கடைசிப் பகுதியைத்தான் பலரும் அவசரமாக ஓதிக் கடந்துவிடுகிறார்கள். ஒரு வாதத்தின் வடிவம் சரியாக இருந்தால் போதாது, அது எதனால் ஆனது என்பதையும் பார்க்க வேண்டும் என்று சொல்லி, உறுதி தரும் கூற்றுகளை அங்கே ஆறாகப் பிரிக்கிறார்கள். தானாகவே விளங்குபவை, புலனால் அறிபவை, திரும்பத் திரும்பச் சோதித்து அறிபவை என்று போகும் அந்த வரிசையில் முதவாத்திர் ஓர் இனம். பலர் சொல்லக் கேட்டு ஐயமற நிலைபெறும் செய்தி அது. மக்காவை நேரில் பார்க்காதவரும் மக்கா இருக்கிறது என்பதில் ஐயம் கொள்வதில்லை என்பது வழக்கமான எடுத்துக்காட்டு. ஆனால் இதற்கு நிபந்தனை உண்டு. முதலில் சொன்னவர்கள் கண்ணால் கண்டோ காதால் கேட்டோ சொல்லியிருக்க வேண்டும்; பொய் சொல்லக் கூடிப் பேசிக்கொண்டார்கள் என்று நினைக்க முடியாத அளவுக்கு அவர்கள் பலராக இருக்க வேண்டும்; இடையில் வரும் ஒவ்வொரு தலைமுறையிலும் அந்த எண்ணிக்கை குன்றாமல் இருக்க வேண்டும்.

இந்த நிபந்தனையை வைத்துப் பார்த்தால் அந்த இரண்டு ஊர்ச் செய்திகளின் நிலை தெளிவாகிறது. இன்று ஊரே ஒரு குரலில் சொல்கிறது என்பது கடைசிப் படிக்கான சான்று மட்டுமே. நடுவிலோ தொடக்கத்திலோ அது ஒருவர் வாய்ச்சொல்லாக இருந்து பின்னால் பரவியிருக்கலாம். ஹனஃபி உஸூல் (சட்டமூலவியல்) நூலோர் இத்தகைய செய்தியை மஷ்ஹூர் என்று தனியே பிரித்தார்கள். வேரில் ஒற்றை, கிளையில் பெருக்கம். ஆக நபிகளாரின் காலச் செய்தியையும் எகிப்துச் செய்தியையும் பொய் என்று தள்ள இந்த அளவை இடம் தரவில்லை, யகீன் (ஐயமற்ற உறுதி) என்று அறுதியிடவும் இடம் தரவில்லை. அவை எண்ணத்துக்கு இசைவான செய்திகள், அவ்வளவே. ஆனால் இதே அளவை மறுதரப்பையும் விடாது. 13ஆம் நூற்றாண்டின் காயலுக்கு வரலாற்று நூல்கள் தவறாமல் காட்டும் சாட்சி மார்க்கோ போலோ. அவர் தனி ஒருவர். 1298இல் ஜெனோவாச் சிறையில் இன்னொருவரிடம் சொல்லி எழுதுவித்த நூல் அது. எழுத்தில் இருக்கிறது என்பதற்காக ஒற்றைச் செய்தி பலர் செய்தி ஆகிவிடாது. காயலின் குதிரை வணிகம் பற்றிய போலோவின் பேச்சுக்கு வலுவூட்டுவது அவரை அறியாத பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், மஅபர் (சோழமண்டலக்) கரைக்குக் குதிரை ஏற்றுமதி செய்த ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரை அனுப்பியதாக எழுதும்போது காயலையும் சேர்த்துச் சொல்வதுதான். ஒருவரை ஒருவர் அறியாத இருவர் ஒன்றையே சொல்லும்போது, கூடிப் பேசிப் பொய் சொன்னார்கள் என்ற ஐயம் பெருமளவு விலகுகிறது. முதவாத்திர் என்னும் கருத்தின் உயிர்நிலையும் அதுவே.

போலோவின் காயல் இன்றைய காயல்பட்டினமா, அதே கழிமுகத்தில் உள்ள பழையகாயலா என்ற பழைய வழக்கையும் இங்கே சேர்க்கலாம். 1881இல் திருநெல்வேலி வரலாற்றை எழுதிய கால்டுவெல், பழையகாயல் பகுதியில் சீனப் பீங்கான் துண்டுகளும் அரபு நாட்டுப் பானை ஓடுகளும் கிடந்ததை வைத்து, போலோ கண்ட துறைமுகம் அதுவே என்று முடிவு செய்தார். அந்த ஓடுகள் பழையகாயல் ஒரு துறைமுகம் என்று காட்டும். அது மட்டுமே துறைமுகம் என்று காட்டா. ஆற்று வண்டல் கரையைத் தள்ளிக்கொண்டே வந்து, ஒருகாலத்தில் பாண்டியர் முத்துத்துறையாக இருந்த கொற்கையை உள்நாட்டு ஊராக்கிவிட்ட இந்தக் கழிமுகத்தில், ஒரே காலத்தில் இரண்டு துறைகள் இயங்கியிருக்கவும் கூடும், ஒன்று தூர்ந்தபின் இன்னொன்று எழுந்திருக்கவும் கூடும்.

கால்டுவெல்லின் இன்னொரு முடிவு இதைவிடப் பெரிய பாடம். போலோ குறிப்பிடும் சுந்தர பாண்டியனையும், ஞானசம்பந்தர் காலத்துக் கூன்பாண்டியனையும் ஒருவராக்கி, சம்பந்தரை 13ஆம் நூற்றாண்டின் இறுதிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார் அவர். கூன்பாண்டியனுக்கும் வழங்கிய சுந்தரன் என்ற பெயரை இணைப்புக் கண்ணியாக வைத்து ஓடிய வாதம் இது. ஒரே பெயர் இருவரைக் குறிக்கும்போது இணைப்பு அறுந்துவிடும் என்பதை ஈஸாகூஜி ஓதும் சிறுவனும் சொல்வான். போலி வாதங்களின் பட்டியலில் இதற்கு முதலிடம். இதை உடைத்தவர் நெல்லையில் கல்விப் பணி செய்தவரும், கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளைக் குருவாகக் கொண்டவருமான பேராசிரியர் சுந்தரம் பிள்ளை. தத்துவப் பேராசிரியரான அவர் கல்வெட்டுகளையும் பிற்கால நூல்களில் வரும் குறிப்புகளையும் கொண்டு, சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தியவராக இருக்க முடியாது என்று காட்டினார். சைவர்கள் சம்பந்தரைப் பழையவர் என்றே நம்பிவந்தார்கள். ஆனால் அந்த நம்பிக்கையைக் காத்தது நம்பிக்கை அல்ல, தருக்கம். அபிஷேகப்பட்டியில் அவர் பெயரால் பல்கலைக்கழகம் இருக்கிறது. அவர் நாடகம் நினைவில் நின்ற அளவு இந்த ஆராய்ச்சி நிற்கவில்லை.

ஆற்றின் மேற்பகுதியிலும் இதே எண்ணம் இருந்தது. பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து 1785இல் மறைந்த சிவஞான முனிவர், அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தையும் அதன் உரையையும் தமிழாக்கியவர். முதலில் சொன்னவர் யார் என்று தெரியாமல் வழிவழி வரும் சொல்லை வடமொழித் தருக்கர் ஐதிகம் என்றனர். ஆலமரத்தில் யட்சன் இருக்கிறான் என்பது அதற்கு அவர்கள் தந்த எடுத்துக்காட்டு. அன்னம்பட்டர் அதைத் தனி அளவையாக ஏற்காமல் உரை அளவைக்குள் அடக்கினார். அதற்குள் போனால் சொன்னவர் நம்பத்தக்கவரா என்ற கேள்வியும் கூடவே வரும். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரும் பத்து அளவைகளை எண்ணி, ஐதிகம் உட்பட எல்லாவற்றையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறது. சைவ மடமும் மத்ரஸாவும் ஒன்றையொன்று பார்த்து எழுதின என்று நான் சொல்லவில்லை. வழிவழிச் செய்தியை மதிக்கும் இரண்டு மரபுகளும், மதிப்பதோடு நிறுத்தாமல் அதை நிறுத்தும் பார்த்தன.

இதற்கு எழும் மறுப்புகளில் முதலாவது, தருக்கமே யவனரிடமிருந்து வந்த சரக்கு என்பது. டமாஸ்கஸின் இப்னு ஸலாஹ் தருக்கம் படிப்பதைத் தடுத்து ஃபத்வா கொடுத்தார். இப்னு தைமிய்யா தருக்கரை மறுத்துப் பெருநூலே எழுதினார். ஷாஃபி மத்ஹபின் ஸுயூத்தியும் எதிர்த்தார். மறுபக்கம் தருக்கம் அறியாதவன் கல்வியை நம்புவதற்கில்லை என்று கஸ்ஸாலி எழுதியதைக் காட்டி இந்த மறுப்பை எளிதில் கடந்துவிடலாம். ஆனால் அது பெயருக்குப் பெயர் வைக்கும் வாதம். இப்னு ஸலாஹையே பார்ப்பது நல்லது. தருக்கத்தைத் தடுத்த அதே அறிஞர்தான் ஹதீஸ் தரம் பிரிக்கும் கலைக்கு இன்றும் ஓதப்படும் முகத்திமாவை எழுதினார். யார் யாரிடம் கேட்டார், இடையில் கண்ணி அறுந்ததா என்று துருவிப் பார்ப்பதை அவர் விலக்கவில்லை, கற்றுக்கொடுத்தார். ஆகவே அரிஸ்டாட்டிலைத் தள்ளினாலும் ஊர்ச் செய்தியைச் சோதிக்கும் கடமை தள்ளுபடி ஆகாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் நுட்பமானது. சட்டத்தில்தான் கண்டிப்பு, சிறப்புகளையும் வரலாற்றுச் செய்திகளையும் சொல்வதில் ஆலிம்கள் தளர்வு காட்டினார்களே என்பது. உண்மைதான், காட்டினார்கள். சொல்வதற்கு அனுமதி தந்தார்கள், தரத்தை உயர்த்தவில்லை. மவ்லிதில் ஓதவும் கந்தூரியில் நினைவுகூரவும் அந்தத் தளர்வு போதும். அதே செய்தியைப் பாடநூலில் ஆண்டு போட்டு எழுதும்போது, அது வேறு தரத்துச் சபைக்கு வந்துவிடுகிறது.

மூன்றாவதை வரலாற்றாளர் சொல்வார்: கடற்கரை ஊர்கள் ஷாஃபி ஃபிக்ஹு, குர்ஆன், மவ்லிது, அரபுத் தமிழ் நூல்கள் என்று வளர்ந்தவை, காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிமின் ஃபத்ஹுத் தையான் சாதாரண மக்களுக்கு மார்க்கம் சொன்ன நூல், அங்கே மன்திக் எத்தனை பேர் ஓதினார்கள்? மிகச் சிலர் என்றே வைத்துக்கொள்வோம். என் வாதம் தலைக்கணக்கில் நிற்கவில்லை. அந்த ஆலிம்கள் தம் உஸ்தாதின் பெயரையும், அவருக்கு உஸ்தாதின் பெயரையும் ஸனதாக அடுக்கிச் சொல்லத் தெரிந்தவர்கள். அக்கரையின் பெயர்பெற்ற ஆலிம் ஸதக்கத்துல்லாஹ் அப்பாவின் மாணவர் வரிசையைச் சொல்பவர் இடையில் ஒரு பெயர் விட்டுப்போனால் உடனே திருத்துவார். கிதாபுக்கு இந்தக் கவனம் இருக்கையில், ஊரின் தொடக்கச் செய்திக்கு மட்டும் அது ஏன் வேண்டாம் என்று விளங்கவில்லை.

வேலை நிறையக் கிடக்கிறது. காயல்பட்டினத்தின் பழைய பள்ளிவாசல்களில் உருவம் இல்லாத திராவிடக் கல்தூண்கள் நிற்கின்றன. பழைய அரபு எழுத்துக் கல்லறைகள் இருக்கின்றன. குடும்பங்களில் ஸனதுகளும் வமிசப் பட்டியல்களும் உள்ளன. இவற்றை ஒன்றோடொன்று ஒட்டிப் படிக்க அரபும் தமிழும் கல்வெட்டு எழுத்தும் தெரிந்தவர் வேண்டும். அரபு தெரிந்தவர் மத்ரஸாவில் இருக்கிறார், கல்வெட்டு தெரிந்தவர் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். இன்று கையில் உள்ளதை வைத்துச் சொன்னால், 13ஆம் நூற்றாண்டில் இக்கழிமுகத்தில் முஸ்லிம் வணிகர் செழித்திருந்தனர் என்பது உறுதிக்கு மிக அருகில் நிற்கிறது. எகிப்திலிருந்து வந்த கூட்டம் எண்ணத்துக்கு இசைவான செய்தி. நபிகளாரின் காலச் செய்தி இன்னும் தொலைவானது என்பதால் அதற்கும் கீழ்ப்படியில். நாளை ஒரு கல் கிடைத்தால் இந்த வரிசை மாறும்.