யாருடைய வழக்கு?

‘உண்மைச் சம்பவத்தைத் தழுவியது’ என்று திரையில் ஒரு வரி வந்துவிட்டால், லாக்கப்பில் விழும் ஒவ்வோர் அடியும் யார் மீதோ நிஜமாகவே விழுந்தது என்று நம்பித்தான் பார்ப்பவர் அழுகிறார். அந்த நம்பிக்கையால் பலன் பெறும் படக்குழு, அடிபட்டவர்களுக்கு என்ன கடன்பட்டிருக்கிறது? ‘ஜெய் பீம்’ படத்தை வைத்தே இதைப் பேசலாம். 1993இல் இன்றைய கடலூர் மாவட்டத்தின் கம்மாபுரம் காவல் நிலையத்தில் வதைபட்டு இறந்தவர் குறவர் சமூகத்தவர். அவர் மனைவிக்காக உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவை வாதாடியவர், பின்னாளில் நீதிபதியான கே. சந்துரு. 2021 நவம்பரில் வெளியான படத்தில் இறந்தவரின் பெயரும் வக்கீலின் பெயரும் அப்படியே இருந்தன. மனைவியோ செங்கேணி ஆனார். குறவர் குடும்பம் இருளர் குடும்பமானது.

மாற்றியதே தவறு என்று சொல்ல முடியாது. இருளர்கள் மீதும் பொய்வழக்குகள் போடப்படுகின்றன. பல வழக்குகளின் வலியை ஒரு கதையில் சேர்க்கக் கலைஞனுக்கு உரிமை உண்டு. சிக்கல், மாற்றத்தின் விளைவு யார் தலையில் விடிகிறது என்பதில் இருக்கிறது. படம் வெளிவரும் முன்பே இருளர் கல்விக்கு ஒரு கோடி ரூபாய் கொடுக்கப்பட்டது, நல்ல காரியம்தான். ஆனால் வழக்கை நிஜத்தில் நடத்திய பெண்ணுக்கு 10 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை என்ற அறிவிப்பு, படம் வந்து ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து, மார்க்சிஸ்ட் கட்சியின் கே. பாலகிருஷ்ணன் கடிதம் எழுதிய பிறகே வந்தது. இதற்கிடையில், படத்தில் காவல் அதிகாரி வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டரில் வன்னியர் சங்கச் சின்னமான அக்கினிக் கலசம் இருந்ததற்கு எதிர்ப்பு கிளம்ப, சில நாள்களிலேயே அந்தக் காலண்டர் காட்சி மாற்றப்பட்டது. கேட்க ஆள்பலம் உள்ளவர்களுக்குக் காட்சியே மாறுகிறது. இல்லாதவருக்காக இன்னொருவர் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது.

நீதிமன்ற ஆவணம் பொதுச்சொத்து, யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்பார்கள். சட்டப்படி அது வலுவான வாதம். ஆனால் தீர்ப்பில் இருப்பது வழக்கின் விவரம் மட்டுமே. திரையில் நம்மைக் கலங்கவைக்கும் துக்கம் உயிரோடு இருக்கும் ஒருவருடையது. சம்மதம் கேட்கத் தொடங்கினால், குற்றவாளியும் தடுக்கக் கிளம்புவானே என்ற அச்சம் இன்னும் நியாயமானது. ஆகவே, இழந்தவருக்கும்கூடத் தடுக்கும் அதிகாரம் தர வேண்டாம். படப்பிடிப்புக்கு முன் கதையை வாசித்துக் காட்டி, எதை மாற்றுகிறோம், ஏன் மாற்றுகிறோம் என்று சொல்லி, வருமானத்தில் அவர் பங்கையும் அப்போதே எழுதி வைத்தால் போதும். கோடிகளில் எடுக்கப்படும் படத்துக்கு இது ஒருநாள் வாடகைக்குக்கூடக் காணாத செலவு.