காட்சி பாதி, கருதல் பாதி

மார்பக எம்.ஆர்.ஐ. எடுக்க வரும் பெண் குப்புறப் படுக்கிறாள். மேசையின் இரு திறப்புகளில் மார்பகங்கள் இறங்கியிருக்க, கைநரம்பு வழியே கடோலினியம் மருந்து ஏறுகிறது. உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களை ரேடியோ அலை தட்டியெழுப்ப, அவை தரும் சமிக்ஞையைக் கணினி படமாக்குகிறது. திரையில் ஒரு கட்டி. மருத்துவர் அதன் இயல்பைக் கண்டாரா, கருதினாரா?

கேள்வி பழையது. அருணந்தி சிவாச்சாரியார் தம் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் சுபக்கத்தின் முகப்பிலேயே அளவை இலக்கணம், அதாவது அறியும் வழிகளின் இலக்கணம், பேசுகிறார். காட்சி (நேரே காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நம்பத்தக்க சொல்) என்ற மூன்றுக்குள் மற்ற அளவைகளை அடக்கி, ஐயமும் திரிவும் நீங்கிய காட்சியையே ஏற்கிறார். நியாய தரிசனத்தாரோ கருதலையே குடைந்து பார்த்தார்கள். புகை இருந்தால் நெருப்பு உண்டு. நெருப்பு இருந்தால் புகை உண்டா? விறகு ஈரமாக இருந்தால்தான். இப்படி விதிக்குள் ஒளிந்திருக்கும் நிபந்தனையை உபாதி என்றார்கள்.

அரிய மார்பகக் கட்டிகளில் இந்த உபாதி கண்கூடு. புற்று பெரும்பாலும் மருந்தைச் சட்டென உறிஞ்சிச் சில நிமிடங்களில் வெளியேற்றும், ஓரம் ஒழுங்கற்றிருக்கும். மியூசின் என்ற குழகுழப்பான பொருள் நிறைந்த மியூசினஸ் கார்சினோமாவிடம் இந்த விதி பல நேரம் தோற்கிறது. டி2 என்ற எம்.ஆர்.ஐ. பட வகையில் நீர்க்கட்டிபோலப் பளீரென வெளுத்து, வழவழப்பான ஓரத்தோடு, மருந்தை மெல்ல மெல்ல ஏற்று, தீங்கற்ற கட்டியாகவே அது தோன்றக்கூடும். 1838-இல் யோஹான்னஸ் முல்லர் பெயரிட்ட ஃபில்லோட்ஸ் கட்டி மார்பகக் கட்டிகளில் நூற்றில் ஒன்றுகூட இராது. இளம்பெண்களிடம் சாதாரணமாகக் காணப்படும் ஃபைப்ரோஅடினோமாவிலிருந்து அதைப் படத்தில் பிரித்தறிவது கடினம். ஊசியில் எடுத்த திசுத் துணுக்கும் சில வேளை போதாமல், கட்டியை முழுதாக அகற்றிய பிறகே முடிவு தெரிகிறது.

விதி பலரிடமிருந்து பிறக்கிறது. நோய் ஒருத்திக்கு வருகிறது. பலருக்குப் பொருந்தியதை அவளுக்கும் பொருத்திப் பார்க்க மருத்துவருக்கு உரிமை உண்டு. அது கருதல்தான் என்பதை அவளிடம் சொல்லும் கடமையும் உண்டு. படம் துல்லியமாக இருக்க இருக்க இந்தக் கடமை மறந்துபோகிறது.

அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரியின் பை-ராட்ஸ் என்ற மார்பகப் பட வகைப்பாட்டு முறை ஐயத்துக்கு அறிக்கையிலேயே இடம் ஒதுக்கியிருக்கிறது. அதன் 4-ஆம் வகையில் புற்றுக்கான வாய்ப்பு 2 முதல் 95 சதவீதம் வரை நீள்கிறது. அந்த வகை எண் விழுந்தால் அடுத்த வேலை திசுப் பரிசோதனை. காகிதத்தில் இருக்கும் இந்த நேர்மை அறைக்குள் பேச்சிலும் வர வேண்டும்: “படத்துல இப்படித் தெரியுது, அதனால இப்படி நினைக்கிறோம். ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்த்துட்டுத்தான் உறுதியாச் சொல்ல முடியும்மா.”